குறைத்து வைத்த மின்னழுத்தம்

என் மனைவியின் ஆராய்ச்சியைக் கெடுத்தவன் நான்தான்.

அவள் எழுதிய நிரலில் பிழை இல்லை. அவள் கடற்கரையில் நின்று எடுத்த அளவுகளிலும் பிழை இல்லை. நான் பூட்டிக் கொடுத்த கணினிதான் தப்பாகக் கணக்குப் போட்டது. அது தப்பாகப் போடுகிறது என்று எனக்குத் தெரிந்த பிறகும்... நான் வாயைத் திறக்கவில்லை.

இதை ஏன் உங்களிடம் வந்து சொல்கிறேன்? எங்கள் சபையில் பாவ அறிக்கையை எல்லாரும் சேர்ந்து உரக்க வாசிப்போம். அத்தனை பேருடைய குரலுக்குள்ளே என் குரல் சுகமாக ஒளிந்துகொள்ளும். எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் அப்படி ஒளிந்திருக்கிறேன்! இங்கே ஒளிய இடமில்லை. நீங்கள் ஒருவர், நான் ஒருவன். அதனால்தான்.

அப்போது எனக்குப் பழவங்காடியில் ஒரு கடை இருந்தது. கணினி பூட்டிக் கொடுப்பது, பழுது பார்ப்பது. இரண்டாயிரத்தை ஒட்டிய ஆண்டுகள் அவை. திருவனந்தபுரத்தில் வீட்டுக்கு ஒரு கணினி வேண்டும் என்ற ஆசை ஊரெல்லாம் பரவியிருந்த காலம். நான் மார்த்தாண்டத்துக்காரன். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுப் பிழைப்புக்காக எல்லை தாண்டி வந்தவன். கையில் திருப்புளி இருந்தால் யாருக்கும் பயப்படமாட்டேன். திருப்புளி இல்லாமல் நாலு படித்தவர்கள் நடுவில் நின்றால் எங்கே கையை வைத்துக்கொள்வது என்றுகூடத் தெரியாது.

விஜிலா அப்படியில்லை. அவள் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பே முதுகலை முடித்து ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தாள். விழிஞ்ஞம் பக்கத்துக் கடற்கரையில் எந்தப் பருவத்தில் மணல் எந்தப் பக்கம் நகர்கிறது, எந்த இடத்தைக் கடல் தின்னும், எந்த இடத்தில் திருப்பிக் கொட்டும் என்று கணித்துச் சொல்வதுதான் அவள் வேலை. அலையின் அளவுகளைக் கணினிக்குக் கொடுத்தால் அது நாட்கணக்கில் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். அவளுடைய பல்கலைக்கழகத் துறையில் இருந்த கணினிகளுக்கு எப்போதும் ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். ஆகவே கல்யாணமான புதிதில் நானே அவளுக்கு ஒன்று பூட்டிக் கொடுத்தேன். கடையில் இருந்ததிலேயே நல்ல செயலி, கணினிக்கு மூளை போன்ற சில்லு. அவளுக்கு நான் கொடுத்த முதல் பரிசு அது. எனக்குக் கொடுக்கத் தெரிந்த ஒரே பரிசும்!

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டின் மேல்தளத்தில் குடியிருந்தோம். பகல் முழுக்க வெயில் எங்கள் தலைமேல்தான். முதல் கோடையிலேயே கணினி சூட்டில் தானாக அணைந்துபோகத் தொடங்கியது. மூன்று நாள் ஓடிய கணக்கு ஒரு மத்தியானத்தில் பாழாகும். அவள் திரை முன்னால் உட்கார்ந்து அழுவாள்.

நான் விடுவேனா? செயலியின் மேல் காய்ந்து கிடந்த பசையைச் சுரண்டி எடுத்துப் புதிதாகத் தடவினேன். சூட்டை உறிஞ்சுவதற்குப் பெரிய செம்புக் கட்டி ஒன்றை வைத்தேன். பெட்டிக்குப் பின்புறம் காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்று. மேசையை மேற்குச் சுவரிலிருந்து நகர்த்தினேன். கணினி அணைவது நின்றது. ஆனால் சத்தம்! தண்ணீர் மோட்டார் ஓடுவதுபோல ஓர் இரைச்சல். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவள் எழுத வேண்டும். தலைவலி என்று நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு எழுதினாள்.

அப்போதுதான் மின்னழுத்தத்தில் கையை வைத்தேன்.

உங்களுக்கு இது புரிய வேண்டும். செயலியைச் செய்தவர்கள் அதற்கு இவ்வளவு வோல்ட் வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள். கொஞ்சம் தாராளமாகவே சொல்லியிருப்பார்கள். கணினி தொடங்கும்போது ஒரு விசையை அழுத்தினால் நீலத் திரை ஒன்று வரும். அதில் அந்த வோல்ட்டைச் சிறு சிறு படிகளாக இறக்கலாம். வோல்ட் இறங்கினால் சூடு இறங்கும். சூடு இறங்கினால் விசிறியை மெதுவாகச் சுற்ற விடலாம். வேகம் ஒன்றும் குறையாது. ஓர் எல்லை வரைக்கும் இது சுத்தமான லாபம்.

அந்த எல்லையைத் தாண்டினால்? பெரும்பாலும் கணினி நின்றுபோகும். நின்றுபோனால் நல்லது. சில நேரம் நிற்காது... ஓடிக்கொண்டே இருக்கும். கோடிக்கணக்கான கூட்டல்களில் எங்கோ ஒன்றைத் தப்பாகக் கூட்டிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல அடுத்ததுக்குப் போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு படி இறக்கும்போதும் விடை தெரிந்த கணக்குகளைக் கொடுத்து ஒரு முழு நாளாவது சோதிக்க வேண்டும். வெயில் நேரத்தையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். வருகிறவர்களுக்கெல்லாம் நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

முதல் மூன்று படிகளையும் ஒழுங்காகச் சோதித்துத்தான் இறக்கினேன். அன்று விஜிலா துறையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, சத்தமே இல்லியே! ஓடுதா, நின்னு போச்சா?"

"ஓடுது. தொட்டுப் பாரு, சூடும் இல்ல."

அவள் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "எங்க டிபார்ட்மெண்ட்ல இருக்க ஒருத்தருக்கும் இது அறியாது, கேட்டியளா?" என்றாள்.

அந்தப் பார்வையை எப்படிச் சொல்வேன்! நான் படிக்காதவன் என்பது அந்த ஒரு நிமிடத்துக்கு இல்லாமல் போயிற்று. அந்தப் பார்வையை மறுபடி வாங்கத்தான் நான் நாலாவது படி இறக்கினேன். வேறு காரணம் இல்லை. சத்தம் போதுமான அளவு அடங்கியிருந்தது. சூடும் அடங்கியிருந்தது. இருந்தும் இறக்கினேன். அவள் அடுத்த கணக்கைத் தொடங்க அவசரப்பட்டாள். ஒரு சாயா குடிக்கிற நேரம் சோதனையை ஓடவிட்டேன். பிழை வரவில்லை. "சரி, நீ தொடங்கு" என்று எழுந்துவிட்டேன்.

கடைத்தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். இந்தச் செயலியை இவ்வளவு குறைந்த வோல்ட்டில் ஓட்டுகிறவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் என்று. எவ்வளவு சின்னத்தனம்... சிரிக்காதீர்கள்.

நாலாவது படியில் ஓடிய கணினி தந்த விடைகளை வைத்து அவள் ஒரு கட்டுரை எழுதினாள். துறையில் அதை வாசித்த அன்று எல்லாரும் பாராட்டினார்கள். அவளுடைய வழிகாட்டி ஒரு மலையாளிப் பேராசிரியர். கண்டிப்பானவர், ஆனால் நல்லவர். வெளிநாட்டில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இரண்டு வருடத்துக்கு ஓர் இடம் இருக்கிறது, உன் பெயரைச் சொல்லப்போகிறேன் என்று அவளிடம் சொன்னார். அவள் வீட்டுக்கு ஓடி வந்தாள். நான் கேசரி வாங்கி வந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் அன்று படுக்கையில் அவள் அந்த ஊரின் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தபோது எனக்குள் ஏதோ ஒன்று மெதுவாகப் புரண்டு படுத்தது. அதற்கு அப்போது நான் பெயர் வைக்கவில்லை.

கோடை முற்றியது. ஒரு நாள் காலை கடைக்குக் கிளம்பும்போது விஜிலா இரண்டு தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரே இன்புட்டுதான் குடுத்தேன். ரெண்டு தடவைக்கு ரெண்டு விடை வருது. மிஷின்ல வல்லதும் கொழப்பம் உண்டுமா?"

"மிஷின்ல ஒரு கொழப்பமும் இல்ல. நீ உன் ப்ரோகிராமப் பாரு."

யோசிக்காமல் சொன்னேன். திருப்புளியைப் பற்றி யாராவது கேள்வி கேட்டால் எனக்கு அப்படித்தான் வரும். அவள் நம்பினாள். ஏன் நம்பமாட்டாள்? கணினி விஷயத்தில் நான் சொல்வதுதான் அவளுக்கு வேதம்!

வாரக்கணக்கில் அவள் நிரலைத் தோண்டினாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். சாப்பாட்டை மறந்தாள். நல்ல நிரலில் இல்லாத பிழையைத் தேடுவது எத்தனை பெரிய சித்திரவதை என்று உங்களுக்குத் தெரியுமா? பிழை இருந்தால் என்றாவது ஒரு நாள் கிடைக்கும். இல்லாதது எங்கிருந்து கிடைக்கும்! தன் மூளையிலேயே கோளாறு என்று நினைக்கத் தொடங்கினாள். "எனக்குக் கணக்கு மறந்து போச்சோ?" என்று ஒரு முறை என்னிடம் கேட்டாள். விளையாட்டாகக் கேட்கவில்லை.

ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். அவள் துறைக்குப் போயிருந்தாள். வெயிலில் கிடந்த தகரம்போல அறை கொதித்துக்கொண்டிருந்தது. கணினி சும்மா இருந்தது. என்ன தோன்றிற்றோ, சோதனையை ஓடவிட்டுவிட்டுச் சோற்றில் மோரை ஊற்றினேன். நாலு வாய் தின்றிருப்பேன். திரையில் சிவப்பு எழுத்து. வர வேண்டிய விடை ஒன்று, வந்த விடை வேறொன்று.

எழுந்து போய் மறுபடி ஓட்டினேன். மறுபடியும் சிவப்பு.

கை எச்சில் காய்ந்துபோகும் வரை அங்கேயே நின்றிருந்தேன். அப்போதே துறைக்குத் தொலைபேசியில் அழைத்திருக்கலாம். எதிர்ப் பக்கத்திலேயே பூத் இருந்தது. பதிலாக நான் என்ன செய்தேன்? நீலத் திரைக்குப் போனேன். வோல்ட்டைப் பழைய இடத்துக்கு ஏற்றினேன். விசிறியின் வேகத்தைக் கூட்டினேன். சோற்றுத் தட்டைக் கழுவி வைத்தேன். கடைக்குப் போய்விட்டேன்.

மாலையில் அவள் கேட்டாள். "ஃபேன் சத்தம் கூடிப் போச்சே?"

"வெயில் கூடுதல் அல்லியா? அதான்."

பொய் இவ்வளவு எளிதாக வரும் என்று எனக்கே அதுவரை தெரியாது.

கணினி இப்போது சரியாகக் கணக்குப் போட்டது. அதுதான் அவளுக்கு எமனாயிற்று! புது விடைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. ஆனால் துறையில் வாசித்த கட்டுரையின் விடைகளோடு ஒத்துப்போகவில்லை. மணல் வடக்கே போகிறது என்று எழுதிய இடத்தில் தெற்கே போயிற்று. அவள் ஒளிக்கத் தெரியாதவள். நேராக வழிகாட்டியிடமே கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பழைய விடைகளைத் தன் முன்னாலேயே துறைக் கணினியில் போட்டுக் காட்டச் சொன்னார். அவளால் முடியவில்லை. எத்தனை முறை ஓட்டினாலும் பழைய எண்கள் வரவில்லை. அந்த எண்களை நீயே எழுதி வைத்துவிட்டாயா என்று அவர் கேட்டாராம். மற்ற மாணவர்கள் முன்னால்.

மறுநாள் அவள் என்னைக் கையோடு துறைக்கு அழைத்துப் போனாள். தனக்குச் சாட்சி சொல்ல!

பேராசிரியரின் அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். விஜிலா நின்றுகொண்டே சொன்னாள். "சார், இவருதான் மிஷின் செய்தது. இவருகிட்ட கேளுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பொறுமையாகக் கேட்டார். "நிங்களல்லே மெஷின் செய்தது? அதில் எந்தெங்கிலும் ப்ரஷ்னம் உண்டோ?"

கணினியில் ஏதாவது கோளாறு உண்டா? அவ்வளவுதான் கேள்வி. இப்போது யோசித்துப் பார்க்கிறேன்... அந்த மனிதர் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். தன் மாணவியைக் காப்பாற்ற அவருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. நான் 'உண்டு' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, மறுபடி ஓட்டி, திருத்தி எழுதியிருப்பார்கள். அறையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். அதோடு முடிந்திருக்கும்.

"இல்ல சார்," என்றேன். "மெஷின் பெர்ஃபெக்ட். நான் டெஸ்ட் செய்து பாத்தேன்."

ஏன் சொன்னேன்? எத்தனையோ வருடங்களாக இதைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பேராசிரியர் முதல் முறையாக நாற்காலி போட்டு என் கருத்தைக் கேட்டார், அந்த நாற்காலியிலிருந்து இறங்க மனம் வரவில்லையா? கடையின் பெயர் கெட்டுவிடும் என்ற பயமா? முந்தின பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டி வருமே என்ற வெட்கமா? எல்லாம்தான். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று கிடக்கிறது. அன்று படுக்கையில் புரண்டு படுத்ததே, அது! அவள் போனால் திரும்பி வருவாளா? வந்தாலும் இந்த மேல்தளத்துக்கு, இந்தத் திருப்புளிக்காரனிடம், பழைய கண்களோடு வருவாளா? அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவே வேண்டாம் என்று அந்த அறையில் எனக்குத் தெரிந்துவிட்டது. 'இல்ல சார்' என்று சொன்னால் போதும். அவள் போகமாட்டாள்.

நீங்கள் நினைப்பது சரிதான். இது கோழைத்தனம் மட்டுமில்லை.

திரும்பும்போது விஜிலா என்னிடம் சொன்னாள். "நல்லவேள, நீங்க வந்து உள்ளதச் சொன்னிய. இனி சந்தேகம் இல்ல. தப்பு என் மேலதான்."

அந்த வருடமே ஆராய்ச்சியை விட்டாள். யாரும் போகச் சொல்லவில்லை. தானே விட்டாள். வெளிநாட்டு இடம் வேறொரு மாணவனுக்குப் போயிற்று. அவள் கரமனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தாள். எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். என் கடை வளர்ந்தது, அதே தெருவில் முற்றம் வைத்த ஒரு வீட்டுக்கு மாறினோம். அந்தக் கணினியில் எல்லாம் பதிந்திருந்த வட்டைச் சுத்தமாக அழித்து, பாகம் பாகமாக விற்றுத் தொலைத்தேன். ஊருக்குப் போனால் சொந்தக்காரர்கள் கேட்பார்கள், ஏன் டாக்டர் பட்டம் முடிக்கவில்லை என்று. அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள், "எனக்கு அதுக்கு உள்ள புத்தி இல்ல" என்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் கடைக்கு ஓர் இளைஞன் தன் கணினியைக் கொண்டு வந்தான். கணினியில் கட்டிடப் படம் வரையும் வேலை செய்கிறவன். அளவுக் கணக்கெல்லாம் குழம்பி வருகிறது, மூன்று இடத்தில் காட்டியும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றான். நீலத் திரையைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது.

"பூட்டினவன் வோல்ட்ட ரொம்பக் குறைச்சு வச்சிருக்கான் தம்பி. அதான் தப்பாக் கூட்டுது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அவன் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். முன்பின் தெரியாதவன்! அவனிடம் சொல்ல எனக்கு ஒரு நொடி ஆகவில்லை. கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

விஜிலா முற்றத்தில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாலாவது படி, சாயா குடித்த நேரம், சிவப்பு எழுத்து, பேராசிரியரின் அறை. படுக்கையில் புரண்ட அந்த நினைப்பையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்போ எந்த ரன் சரி?"

"என்ன?"

"கட்டுரைக்கு முந்தியும் ஓட்டினேனே. மழைக்கால அளவு எல்லாம். நீங்க எப்போ குறைச்சிய? எதெல்லாம் அதுக்கு முந்தினது, எதெல்லாம் பிந்தினது? அத மட்டும் சொல்லுங்க."

அவள் கண்களில் கோபம் இல்லை. வேறொன்று இருந்தது. எத்தனையோ வருடங்களுக்கு முன்பு திரை முன்னால் உட்கார்ந்திருந்தவளின் கண்கள் அவை. ஒரு விடையைத் தேடுகிற கண்கள்! நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்திருந்தது அங்கே உயிரோடு உட்கார்ந்து என்னிடம் கேள்வி கேட்டது.

"தெரியாது," என்றேன். "நான் ஒண்ணும் குறிச்சு வைக்கல. டிஸ்க்கையும் அழிச்சாச்சு."

"ம்," என்றாள். கத்தியை எடுத்து மீதிக் கிழங்கை நறுக்கினாள். அந்தக் கண்கள் அணைந்துபோனதை நான் பார்த்தேன். இரண்டாவது முறையாக.

மன்னித்தாளா என்று கேட்கிறீர்களா? தெரியாது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. சோறு போடுகிறாள். துணி மடித்து வைக்கிறாள். காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருகிறாள். ஆனால் நான் சொல்கிற எதையும் அவள் இப்போது அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அடுப்பில் கேஸை அடைத்தாயிற்று என்றால் எழுந்து போய்ப் பார்க்கிறாள். பஸ் இத்தனை மணிக்கு என்றால் இன்னொருவரிடம் கேட்கிறாள். சண்டைக்காகச் செய்யவில்லை. பழி வாங்கவும் இல்லை. சரிபார்க்கிறாள், அவ்வளவுதான்.

போன மாதம் அவள் தம்பி வீட்டுக்குப் போகத் தம்பானூரில் மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். மகள் ஜன்னலோரம். விஜிலா மெதுவாகக் கேட்டாள், "கதவு பூட்டினியளா?"

"பூட்டினேன்."

"நல்லாப் பாத்தியளா?"

"பூட்டிட்டு இழுத்தும் பாத்தேன், விஜி."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து, "இதோ வந்திருதேன்" என்று இறங்கிப் போனாள். கண்டக்டர் விசில் ஊதினார். நாங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். பஸ் போயிற்று. "அம்மைக்கு எந்தா பற்றியது?" என்று மகள் கேட்டாள், அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று. நான் அவளுக்கு ஒரு பாக்கெட் கடலை வாங்கிக் கொடுத்தேன்.

வெயிலில் வியர்த்துக்கொண்டு அவள் திரும்பி வந்தாள். என் கையிலிருந்து ஒரு பையை வாங்கிக்கொண்டாள்.

"பூட்டித்தான் இருக்கு," என்றாள்.

அடுத்த பஸ்ஸுக்காக மூவரும் நின்றோம்.